இருட்டுவதற்கு முன்: மலையகத்தில் புயலும் கரண்ட் இல்லாத நாட்களும்

கேட்கப்பட்டது இதுதான்: "அம்மாவும் அப்பாவும் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறார்கள். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். போன புயலில் ஐந்து நாள் கரண்ட் இல்லை, மூன்று நாள் போனும் எடுக்கவில்லை. இந்த வருட மழைக்கு முன் சின்ன ஜெனரேட்டர் ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா? வேறு என்ன செய்து வைக்கலாம்?"

நான் 27 வருடமாக ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வீட்டு வயரிங் செய்கிறவன். நீங்கள் ஜெனரேட்டர் வாங்கினால் அதைப் பூட்டித் தரும் கூலி என்னைப் போன்ற ஒருவனுக்குத்தான் வரும். இருந்தாலும் வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். வயதான இரண்டு பேர், மழையில் பெற்றோல் தேடி எங்கே போவார்கள்? பாதை அடைபட்டால் பெற்றோலும் இல்லை. அதைவிட, அந்தக் காசில் பாதிகூட இல்லாமல் செய்யக்கூடிய வேலைகள் வரிசையாக இருக்கின்றன.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கரண்ட் இல்லாமல் ஐந்து நாள் இருப்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, கரண்ட் வராத காலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள் உங்கள் அம்மா அப்பா. கரண்ட் போனால் கூடவே செய்தியும் போய்விடும், அதுதான் பயம். போன் கோபுரங்களுக்கு பற்றரி உண்டு, ஆனால் அது சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அப்புறம் "மேல் டிவிஷனில் மண் இறங்குகிறது, கிளம்புங்கள்" என்று சொல்ல யாராலும் முடியாது. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் செத்தார்கள். பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளை மாவட்டங்களில் ஆட்களைக் கொன்றது பெரும்பாலும் மண்தான். ஆகவே உங்கள் கேள்வியை நான் கொஞ்சம் திருப்பிப் போடுகிறேன்: வெளியிலிருந்து ஒரு சத்தமும் வராத இரவில், வீட்டில் இருப்பதா கிளம்புவதா என்பதை அவர்கள் எதை வைத்து முடிவு செய்வார்கள்?

அதற்கு ஒரு ஜாம் போத்தல் போதும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பக்கங்கள் நேராக, வாயும் அடியும் ஒரே அகலமாக உள்ள பாத்திரம் எதுவானாலும் சரி. பால்மா டின் இன்னும் நல்லது. அதைக் கூரைத் தண்ணீர் தெறிக்காத, மேலே மரம் இல்லாத திறந்த இடத்தில், காற்றில் சாயாதபடி இரண்டு கல்லுக்கு நடுவில் வையுங்கள். பாடசாலை அடிமட்டத்தை உள்ளே விட்டுத் தண்ணீரின் உயரத்தை அளந்தால், அதுதான் பெய்த மழையின் மில்லிமீட்டர். கணக்கு எதுவும் தேவையில்லை. பிளாஸ்டிக் சோடாப் போத்தலின் தலையை வெட்டி வைப்பவர்களும் உண்டு. அதன் அடி குழிகுழியாக இருப்பதால், நேரான பகுதி தொடங்கும் இடம் வரை முதலிலேயே தண்ணீர் ஊற்றி அங்கே ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். தினமும் காலையில் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டுக் கொட்டிவிட வேண்டும்.

மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு ஏறக்குறைய இப்படிப் போகும்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டியும் மழை விடவில்லை என்றால் கவனமாக இரு, 100 தாண்டினால் கிளம்பத் தயாராக இரு, 150 தாண்டினால் இடத்தைக் காலி செய். ஒரு மணி நேரத்திலேயே 75 விழுந்தால் அடுத்த அளவுக்குக் காத்திருக்கவே கூடாது. அப்பாவுக்கு மில்லிமீட்டர் மனதில் நிற்காவிட்டால் அங்குலத்தில் சொல்லிக்கொடுங்கள்: மூன்று, நாலு, ஆறு. கண்ணாடிப் போத்தல் என்றால் அதன் வெளியே நெயில் பொலிஷால் மூன்று கோடு போட்டுவிட்டால் அடிமட்டமும் வேண்டாம், டோர்ச் வெளிச்சத்திலேயே தெரியும். டித்வா நேரத்தில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் மூன்றாவது கோட்டை எப்போது தாண்டியது என்று பார்க்கக்கூட நேரம் கிடைக்காது. அதனால் என் வீட்டில் உள்ள சட்டம் இது: பின்னேரம் நாலு மணிக்கு ஒருமுறை அளந்து பார்ப்போம். இரண்டாவது கோடு தாண்டியிருந்து, வானமும் வெளுக்கவில்லை என்றால், அந்த இரவு வீட்டில் தூங்குவதில்லை. வீணாகப் போய் வந்தோம் என்றாலும் ஒரு இரவுத் தூக்கம்தான் நட்டம். நடுச்சாமத்தில், காலுக்குக் கீழே படி இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிழவி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன். அப்புறம்தான் இந்தச் சட்டம்.

போத்தல் மட்டும் போதாது, வீட்டைச் சுற்றியும் கண் வேண்டும். நேற்று வரை சும்மா திறந்த கதவு இன்றைக்கு நிலையில் இறுக்கிப் பிடிக்கிறதா, சுவரிலோ முற்றத்திலோ புதுசாக வெடிப்பு ஓடுகிறதா, லைட் போஸ்டும் மரமும் ஒரு பக்கம் சாய்கிறதா, இதுவரை ஊற்றே இல்லாத இடத்தில் தண்ணீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். முக்கியமாக, மலை ஊற்றுத் தண்ணீர் வரும் பீலி. மழைக்குப் பீலித் தண்ணீர் கூடுவது இயல்பு. திடீரென்று சேறாகக் கலங்கினாலோ, இத்தனை மழையிலும் நின்றுபோனாலோ, மேலே மண்ணுக்குள் ஏதோ நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு போத்தலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கப் போகாதீர்கள். மழை விட்டதும் ஆபத்து முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. ஊறிய மண் ஒரு நாள் கழித்தும் இறங்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண் காலையில்தான் வந்தது. பாடசாலைக்குக் கிளம்பிப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள். அந்த இடம் ஆபத்தானது என்று பல வருடத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது என்பது வேறு கதை. அதைத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

கிளம்புவது என்றால் எங்கே என்பதையும் வெயில் நாளிலேயே பேசி முடிவு செய்யுங்கள். கோயிலா, பாடசாலையா, கொழுந்து நிறுக்கும் மடுவமா? அது ஓடைக்குப் பக்கத்திலோ வெட்டிய மண்மேட்டுக்குக் கீழேயோ இருந்தால் அங்கே போவதில் பயனில்லை. போகும் பாதை ஓடையைக் கடக்கக் கூடாது. எடுத்துப் போக ஒரே ஒரு பை, அதுவும் கதவுக்குப் பக்கத்தில்: அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், கிளினிக் கொப்பி, மருந்து, இரண்டு கம்பளி. கடுதாசிகளை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள். 1948இல் குடியுரிமை பறிபோன பிறகு ஒரு துண்டுக் கடுதாசிக்காக எங்கள் தாத்தாமார் அரசாங்கக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) ஒவ்வொன்றாக அலைந்ததை நினைத்தால், பணத்தைவிட இதைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

இனி செய்திக்கு வருவோம். பற்றரியில் ஓடும் சின்ன வானொலி ஒன்று, கூடவே உறை பிரிக்காத பற்றரி நாலு. என்னைக் கேட்டால் முதலில் வாங்கச் சொல்வது இதைத்தான். போனிலேயே எப்எம் இருக்கிறதே என்பீர்கள். பல போன்களில் இயர்போன் வயரைக் குத்தினால்தான் அது பிடிக்கும், அந்த வயர்தான் அன்டெனா. அம்மாவின் போன் பெட்டிக்குள் அந்த வயர் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் பேங்க் வாங்குவதானால், 10,000 என்று போட்டிருப்பது போனுக்குள் முழுசாக இறங்காது. மூன்றில் இரண்டு பங்கு இறங்கினாலே அதிகம். ஒரு சாதாரண போனை ஒன்றரைத் தடவை நிரப்பும், அவ்வளவுதான். சிக்னல் இல்லாத இடத்தில் போன் கோபுரத்தைத் தேடித் தேடியே செத்துப்போகும். அதனால் பிளைட் மோடில் போட்டுவிட்டு, காலை ஏழுக்கும் பின்னேரம் ஐந்துக்கும் பத்து நிமிடம் மட்டும் திறப்பது என்று உங்களுக்குள் பேசி வையுங்கள். நீங்களும் அந்த நேரத்தில் மட்டும் எடுங்கள். அழைப்பு போகாத நேரத்திலும் குறுஞ்செய்தி சில வேளை நுழைந்துவிடும். பக்கத்தில் த்ரீவீலர் வைத்திருப்பவர் இருந்தால் அவர் வண்டியிலிருந்தும் போன் சார்ஜ் போடலாம். இலக்கங்களைப் போனுக்குள் மட்டும் வைக்காமல் கதவுக்குப் பின்னால் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, மின்தடைக்கு 1987, அப்புறம் கிராம சேவகர், அப்புறம் உங்களுடையது.

வெளிச்சத்துக்குச் சார்ஜ் லைட் ஒன்றும் தலையில் மாட்டும் டோர்ச் இரண்டும் போதும். கை இரண்டும் சும்மா இருக்கும் என்பதால் தலை டோர்ச்தான் வயதானவர்களுக்கு நல்லது. குப்பி லாம்பு வேண்டாம். வெறும் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரி போட்ட விளக்கு சாய்ந்து எரிந்தவர்கள் இந்த நாட்டில் கொஞ்சமல்ல. அதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் குட்டையான, கனமான, உருளாத, மூடி திருகிப் பூட்டும் விளக்கு ஒன்றைச் செய்தார். 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அம்மா விளக்குத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அப்படிக் குட்டையான ஒன்றாக இருக்கட்டும், தரையில் வைக்கட்டும். தேங்காய் எண்ணெய் விளக்கை நம்ப வேண்டாம். எங்கள் பக்கம் மார்கழியில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்துதான் கிடக்கும். உங்களுக்கே தெரியும், தலைக்கு வைக்கவே வெயிலில் காயவைத்து எடுப்போம்.

இப்போது என் தொழில் பேச்சு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மெயின் போர்டைத் திறந்து, கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சில் டெஸ்ட் என்று இருக்கும் சின்னப் பொத்தானை அமுக்குங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அது வெறும் அலங்காரம், உடனே மாற்றுங்கள். மழை நேரத்தில் ட்ரிப் விழுந்துகொண்டே இருந்தால் ட்ரிப்பில் பிழை என்று சொல்லிவிடுவார்கள். அது தன் வேலையைச் செய்கிறது: தகரம் ஒழுகி எங்கோ வயருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. ஒரு வீட்டில் ட்ரிப்பை மேலே தூக்கி, விழாமல் இருக்க மிலாற்றுக் குச்சி ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் போனபோது பல்ப் ஹோல்டரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதற்கு நேர் கீழே பாயில் குழந்தை. ஒழுகும் இடத்துக்குக் கீழே இருக்கும் லைட்டைத் தொடவே வேண்டாம்; மெயினை அணைத்துவிட்டு டோர்ச்சோடு இருங்கள்.

புயலில் எங்கள் பக்கம் கரண்ட் போவதற்குப் பெரும்பாலும் காரணம் மரம். சவுக்கும் டர்பன்டைனும் ஊறிய மண்ணில் வேரோடு சாய்ந்து கம்பியை இழுத்துக்கொண்டு விழும். விழுந்த கம்பி பொறி தட்டாமல் சும்மா கிடக்கிறதே என்று கிட்டே போகாதீர்கள். லைனில் உள்ள சுவிட்ச் சில இடங்களில் கொஞ்ச நேரத்தில் தானாகவே மறுபடி போட்டுப் பார்க்கும். செத்துக் கிடந்த கம்பிக்கு அந்த நொடியில் உயிர் வரும். முப்பது முப்பத்தைந்து அடியாவது தள்ளி நில்லுங்கள். கம்பி வேலியும் தகரக் கூரையும் அதற்குள் வந்துவிட்டால் அவையும் கம்பிதான். புல்லுக்குப் போகிறவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பக்கத்து வீட்டார் யாராவது ஜெனரேட்டர் வைத்திருந்தால் இதை மட்டும் அவரிடம் கேளுங்கள்: அதை வீட்டுக்கு எப்படிக் கொடுக்கிறார்? இரண்டு பக்கமும் ப்ளக் உள்ள வயரைச் சுவர் சொக்கட்டில் குத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மெயின் அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் பின்பக்கமாக டிரான்ஸ்போமருக்குப் போய், 230 வோல்ட் மறுபக்கத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் மேல்தான் அது இறங்கும். லைனையும் ஜெனரேட்டரையும் ஒரே நேரத்தில் சேர விடாத சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் பூட்டவே கூடாது. கூரையில் சோலார் இருந்தாலும் இதே காரணத்துக்காகத்தான் லைனில் கரண்ட் போனதும் அதுவும் தானாக நின்றுவிடுகிறது. பற்றரி சேர்த்த சோலார் மட்டும் அப்போதும் ஓடும். இலட்சக்கணக்கில் செலவழித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு என்னைத் திட்டியவர்கள் உண்டு.

குளிர் விஷயத்தில் ஒரு ஆறுதல். புல்லில் வெள்ளையாகப் பனி உறைவது ஜனவரி, பெப்ரவரியில் வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும் இரவுகளில். புயல் இரவில் மேகம் மூடியிருப்பதால் அவ்வளவு இறங்காது. ஆனால் நனைந்த துணியும் காற்றும் சேர்ந்தால் அந்த அளவே வயதானவர்களுக்குப் போதும். கிழவர்கள் நடுங்குவதை நிறுத்திவிட்டு, பேச்சுக் குழறித் தூங்க ஆரம்பித்தால் குளிர் குறைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அது ஆபத்து. ஈரத்துணியை மாற்றி, தலைக்குத் துணி கட்டி, சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி நெஞ்சோடு வைத்து, அம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். எல்லாரும் ஒரே காம்பராவில் படுங்கள், தரையில் பாய்க்குக் கீழே உரச்சாக்கு அல்லது கடதாசி அட்டை விரியுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது: கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவையும் சன்னலையும் அடைத்துத் தூங்குவது. கரிப்புகையாவது கண்ணைக் கரிக்கும்; அதோடு வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, வாந்தி, அப்புறம் எழும்புவதே இல்லை. அடுப்பங்கரையில் தீ எரியும்போது உட்கார்ந்து காயுங்கள். படுக்கும் முன் தணலை வெளியே கொட்டி அணைத்துவிடுங்கள். ஜெனரேட்டரை இஸ்தோப்பில் (வராந்தாவில்) வைத்து ஓட்டினாலும் இதே கதைதான்.

சமையலைப் பற்றி உங்கள் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய காலத்து மிலாறு விறகு அடுப்புக்கு மேல் பரணில் ஒரு வாரத்துக்குக் காய்ந்து இருக்கட்டும், காஸ் சிலிண்டர் கடைசி அடியில் இல்லாமல் இருக்கட்டும். மா, பருப்பு, கருவாடு, உருளைக்கிழங்கு, சீனி, தேயிலை. ரொட்டியும் கட்டச் சம்பலும் பிளேன்டீயும் இருந்தால் ஐந்து நாள் ஓடும். குடிதண்ணீரை மழைக்கு முதல் நாளே பிடித்து வையுங்கள், புயலுக்குப் பிறகு பீலியில் வருவது சேறும் செத்த எலியும்தான். தெளியவிட்டு, துணியில் வடித்து, கொதிக்க விடுங்கள். பொங்கி ஒரு நிமிடம் போதும், 2,000 மீட்டருக்கு மேலே உள்ள இடங்களுக்குத்தான் மூன்று நிமிடம். நுவரெலியா நகரமே 1,868 மீட்டர்தான். இருந்தாலும் விறகு இருந்தால் மூன்று நிமிடம் விடுங்கள், நட்டமில்லை.

வீட்டில் யாராவது இன்சுலின் போடுகிறார்களா? பிரிட்ஜ் நின்றதும் எல்லாரும் பதறுவது இதற்குத்தான். பாவிக்கத் தொடங்கிய போத்தல், பெரும்பாலான வகைகளில், 25 பாகைக்குள் நாலு வாரம் வரை கெடாது. எங்கள் மலையில் காம்பரா அலமாரியே அதைவிடக் குளிர். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காமல், ஐஸ் மேலும் வைக்காமல் இருந்தால் போதும். மாத்திரை வகைகள் இரண்டு வாரத்துக்குக் கையில் இருக்க வேண்டும். கிளினிக் திகதி நவம்பர் கடைசியில் விழுந்தால் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பிரிட்ஜில் உள்ள சாப்பாட்டுக்குக் கதவைத் திறக்காமல் நாலு மணி நேரம், அதற்குள் இறைச்சியையும் மீனையும் சமைத்துவிடுங்கள்.

கரண்ட் திரும்பி வரும் நேரம்தான் சாமான்கள் எரியும் நேரம். கரண்ட் போனதுமே பிரிட்ஜ், டிவி, ரைஸ் குக்கர் எல்லாவற்றின் ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு ஒரே ஒரு பல்ப்பை மட்டும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பல்ப் வந்து பத்து நிமிடம் ஒழுங்காக எரிந்தால் ஒவ்வொன்றாகப் போடலாம். வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்தால், அல்லது கூடிக் குறைந்து எரிந்தால், வெளியே எங்கோ நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். 230 வர வேண்டிய வீட்டுக்கு அப்போது 400க்குக் கிட்டவும் வரும். உடனே மெயினை அணைத்துவிட்டு 1987க்குச் சொல்ல வேண்டும். ஒரு லயத்தில் ஆறு வீட்டு டிவி ஒரே நிமிடத்தில் போனதைப் பார்த்திருக்கிறேன். ஏழாவது வீட்டுக்காரி மட்டும் தப்பினாள், அவளுக்கு இடி என்றால் பயம், எப்போதும் ப்ளக்கைப் பிடுங்கிவிடுவாள்.

தீபாவளிக்கு எப்படியும் ஊருக்குப் போவீர்கள், அது மழைக்குச் சரியாக முன்னால்தான் வருகிறது. பலகாரம் சாப்பிட்ட மறுநாள் அரைநாள் ஒதுக்குங்கள். வீட்டுக்கு மேல்பக்கத்து வடிகானில் அடைத்திருக்கும் மண்ணையும் இலையையும் வாரி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் முழுதும் சுவருக்குப் பின்னால்தான் இறங்கும். தகரத்தில் ஆணி கழன்ற இடங்களை அடித்து, ஓரத்தில் பழைய டயரோ மண் மூட்டையோ ஏற்றுங்கள். தோட்டத்து வீடு என்றால் வீட்டின் மேல் சாயக்கூடிய மரத்தைப் பற்றித் தோட்ட அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் கையொப்பம் வாங்குங்கள். வாயால் சொன்னது மரம் விழுந்த பிறகு யாருக்கும் நினைவிருக்காது. அப்புறம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் போத்தலை வைக்கும் இடத்தைப் பாருங்கள். இடத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நாங்கள் வைத்த பொருளை எங்கள் கிழவர்கள் எட்டிப் பார்க்க மாட்டார்கள், தாங்கள் வைத்ததென்றால் மணிக்கு ஒரு தரம் போய்ப் பார்ப்பார்கள்.